இரண்டு கைகளையும் சேர்த்து நடத்துவது மூளையின் எந்தப் பாதி?

கேள்வி இதுதான். வலது கையை மூளையின் இடது பாதியும் இடது கையை வலது பாதியும் இயக்குகின்றன என்றால், சட்டைப் பொத்தானைப் போடுவது போல இரண்டு கைகளும் சேர்ந்து செய்யும் வேலையை எந்தப் பாதி நடத்துகிறது? கூடவே ஒரு துணைக்கேள்வியும் உண்டு: இடது கையால் எழுதிப் பழகினால் இரு பாதிகளும் நன்றாக இணையும் என்கிறார்களே, அது உண்மையா?

முதல் கேள்விக்கு ஒரு வரியில் பதில் வேண்டுமென்றால், எந்தப் பாதியும் தனியாக நடத்துவதில்லை. ஆனால் அதோடு நிறுத்தினால் கேட்டவருக்கு ஒன்றும் கிடைக்காது. கைகள் ஒத்துப்போவது என்று நாம் ஒரே சொல்லில் அடக்குவதற்குள் குறைந்தது மூன்று வேலைகள் இருக்கின்றன. இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் தொடங்கி முடிக்க வேண்டும்; அது காலம். ஒவ்வொன்றும் எந்தத் திசையில், எந்த வடிவில் நகர வேண்டும் என்பது பாதை. இரண்டும் சேர்ந்து எதை முடிக்கப் போகின்றன என்பது நோக்கம். இந்த மூன்றும் மூளையில் ஒரே இடத்தில் முடிச்சுப் போடப்படவில்லை. ஓர் அறுவை சிகிச்சை இவற்றில் ஒரு முடிச்சை மட்டும் அவிழ்த்துவிட்டபோதுதான் இது தெளிவாகத் தெரிந்தது. அந்த இடத்துக்கு வருவதற்கு முன் சில அடிப்படைகளைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒரு நிமிடம் ஒதுக்கி இதைச் செய்து பாருங்கள். நான் உடலியங்கியல் கற்பிப்பவன். இந்தப் பாடத்தை எப்போதும் இதிலிருந்துதான் தொடங்குவேன். இரண்டு உள்ளங்கைகளையும் மேசைமேல் கவிழ்த்து வையுங்கள். ஆட்காட்டி விரல்களை மட்டும் நீட்டி, இரண்டையும் ஒரே பக்கமாக அசைத்துப் பாருங்கள்: இரண்டும் வலப்புறம், பிறகு இரண்டும் இடப்புறம். மெதுவாகத் தொடங்கி வேகத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள். ஒரு கட்டத்தில் விரல்கள் உங்கள் பேச்சைக் கேட்காமல் வேறு ஆட்டத்துக்குத் தாவிவிடும். இரண்டும் ஒன்றையொன்று நோக்கி உள்ளே வரும், பிறகு ஒன்றைவிட்டு ஒன்று வெளியே விலகும், கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் போல. இனி வேகத்தைக் குறைத்தாலும் பழைய ஆட்டத்துக்கு அவை தாமாகத் திரும்புவதில்லை. கண்ணாடி ஆட்டத்தில் தொடங்கி எவ்வளவு வேகம் கூட்டினாலும் எதிர்த் திசையில் இந்தத் தாவல் நடக்காது.

அமெரிக்காவில் பணியாற்றிய ஸ்காட் கெல்சோ 1980களின் தொடக்கத்தில் இந்தத் தாவலை முறையாக அளந்தார். 1985இல் அவரும், லேசர் கோட்பாட்டுக்குப் பெயர்பெற்ற ஜெர்மானிய இயற்பியலாளர் ஹெர்மன் ஹாக்கனும், புன்ஸ் என்பவரும் சேர்ந்து அதைச் சமன்பாடாகவே எழுதிவிட்டார்கள். நமக்கு இங்கே வேண்டியது அந்தச் சமன்பாட்டின் உட்பொருள் மட்டும்: இரண்டு கைகளும் ஒரே வேலையைச் செய்வது மூளைக்கு எளிது. வெவ்வேறு வேலைகளைச் செய்வதுதான் கடினம். கைகளைச் சேர்ப்பது எப்படி என்று கேட்கிறோம். மூளையின் பெரும்பாடு அவற்றைப் பிரித்து வைப்பதில்தான் இருக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொண்டால் மேலே வருவதெல்லாம் சுலபமாகப் புரியும்.

இனி நரம்பு வழிகளுக்கு வருவோம். 1870இல் பெர்லினில் ஃபிரிட்ஷ், ஹிட்சிக் என்ற இருவர் நாயின் பெருமூளைப் புறணியில், அதாவது மூளையின் மேற்பரப்பு அடுக்கில், மெல்லிய மின்சாரம் பாய்ச்சி, ஒரு பக்கத்தைத் தொட்டால் எதிர்ப்பக்கக் கால் அசைகிறது என்று காட்டினார்கள். இயக்கப் புறணி என்று இன்று நாம் அழைக்கும் பகுதி அது. மனிதரில் அங்கிருந்து கிளம்பும் நரம்பிழைகள், ஒவ்வொரு பக்கத்துக்கும் ஏறத்தாழ 10 லட்சம், மூளைத்தண்டு வழியாக இறங்குகின்றன. முகுளத்தின் அடிப்பகுதியில், தண்டுவடம் தொடங்குவதற்குச் சற்று மேலே, அவற்றில் 85 முதல் 90 சதவீதம் மறுபக்கம் கடந்துவிடுகின்றன. மீதி அதே பக்கத்திலேயே இறங்கி, பெரும்பாலும் உடற்பகுதித் தசைகளுக்கு உதவுகின்றன.

ஆனால் கைக்குப் போகும் வழி இது ஒன்றுதான் என்று நினைத்துவிடக் கூடாது. மூளைத்தண்டிலிருந்து புறப்படும் பழைய வழிகள் சில, இரண்டு பக்கங்களுக்கும் கிளை விடுகின்றன. 1968இல் லாரன்ஸ், கைப்பர்ஸ் ஆகியோர் குரங்குகளில் முகுளத்தின் அந்தக் குறுக்குப் பாதையை இரு பக்கமும் வெட்டிப் பார்த்தார்கள். குரங்குகள் மறுபடி நடந்தன, ஓடின, கம்பிகளில் ஏறின. ஒன்று மட்டும் திரும்பவில்லை: சிறு குழியில் கிடக்கும் உணவுத் துண்டைக் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சேர்த்து எடுக்கும் நுணுக்கம். ஆகவே தோளும் மேற்கையும் இரு பாதிகளுக்கும் ஓரளவு பொதுச் சொத்து. விரல் நுனியை நெருங்க நெருங்க அது எதிர்ப்பாதியின் தனிச் சொத்தாகிவிடுகிறது.

இரு பாதிகளுக்கும் நடுவிலிருக்கும் பாலம் கார்பஸ் கலோசம். நெற்றிப் பக்கத்திலிருந்து பின்னோக்கி ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் நீளும் வெண்ணிறப் பட்டை அது. அதில் சுமார் 20 கோடி நரம்பிழைகள் ஓடுகின்றன. இவ்வளவு பெரிய பாலம் இருக்கும்போது, விரல்களை இயக்கும் பகுதிகள் இரண்டும் அதன் வழியே ஓயாமல் பேசிக்கொள்ளும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். குரங்குகளில் இழைகளைத் தொடர்ந்து பார்த்தபோது நிலைமை நேர்மாறாக இருந்தது. இயக்கப் புறணியில் கைவிரல்களுக்கான இடம் பாலத்துக்கு மிகக் குறைந்த இழைகளையே அனுப்புகிறது. அதற்கு முன்னால் இருக்கும் முன்னியக்கப் பகுதியும், மூளையின் நடுச்சுவரை ஒட்டியிருக்கும் துணை இயக்கப் பகுதியும்தான் தாராளமாக அனுப்புகின்றன. கட்டளை பிறக்கும் இடத்தில் பேச்சு குறைவு. திட்டம் உருவாகும் இடத்தில் பேச்சு அதிகம். ஒவ்வொரு விரலுக்கும் போகும் ஆணையை மறுபாதிக்கு நகலெடுத்து அனுப்பினால் இரு கைகளும் ஒன்றையே செய்துகொண்டிருக்கும். அது நடக்காமல் இருக்க இப்படியொரு அமைப்பு ஏற்றது என்றே எனக்குப் படுகிறது.

அந்தக் குறைந்த பேச்சிலும் முக்கியமான சொல் 'பொறு' என்பதுதான். இதைத் தெரிந்துகொள்ள வழிவகுத்தவர் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பணியாற்றிய அந்தோணி பார்க்கர். மண்டையோட்டைத் திறக்காமல், தலைக்கு மேல் ஒரு கம்பிச்சுருளை வைத்து, நொடிப்பொழுது காந்தத் துடிப்பால் மூளையைத் தூண்டும் கருவியை 1985இல் அவர் அறிமுகப்படுத்தினார். இயக்கப் புறணியில் கைக்கான இடத்துக்கு மேலே துடிப்புக் கொடுத்தால் எதிர்க்கையின் விரல் துள்ளும். அந்தத் துள்ளலின் அளவைத் தசையின் மின்பதிவில் பார்க்கலாம். 1992இல் ஃபெர்பெர்ட்டும் அவருடைய குழுவினரும் இரண்டு சுருள்களை வைத்தார்கள். முதலில் ஒரு பாதிக்கு ஒரு துடிப்பு. சுமார் 10 மில்லிசெகண்ட் கழித்து மறுபாதிக்கு ஒரு துடிப்பு. இரண்டாவது துடிப்பினால் வரும் துள்ளல் வழக்கத்தைவிடத் தெளிவாகச் சிறுத்துப்போயிற்று. முதல் பாதி பாலத்தின் வழியே செய்தி அனுப்பி மறுபாதியை அடக்கியிருந்தது.

பாலத்தைக் கடக்கும் இழை தன்னளவில் கிளர்ச்சியூட்டும் வகைதான். அது போய்ச் சேரும் இடத்தில் இருக்கும் சிறிய நியூரான்களின் தொழில்தான் அண்டை நியூரான்களை அடக்குவது. தொலைபேசியில் வரும் குரல் ஒன்றுதான். அதை எடுப்பவர் காவலாளியா வேலையாளா என்பதைப் பொறுத்து விளைவு மாறுகிறது. எடுப்பவரும் எப்போதும் ஒருவரே அல்லர். வலது கை அசையப் போகும் தருணத்தில் அதை இயக்கும் பாதியின் மீதுள்ள அழுத்தம் தளர்கிறது.

சிறு குழந்தைகளைக் கவனித்தால் இந்த அடக்கம் கொஞ்சம் கொஞ்சமாக முதிர்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஐந்து வயதுக் குழந்தையிடம் வலது கையின் கட்டைவிரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தொடச் சொல்லுங்கள். மடிமேல் கிடக்கும் இடது கையும் மெல்லத் துடிப்பதைப் பார்ப்பீர்கள். பத்து வயது வாக்கில் இது பெரும்பாலும் மறைந்துவிடும். பாலத்தின் இழைகளுக்கு மயலின் என்ற, செய்தியை வேகமாகக் கடத்த உதவும் கொழுப்பு உறையைப் போர்த்தும் வேலை குழந்தைப் பருவம் முழுவதும் நடந்து, இளமையிலும் தொடர்கிறது. வளர்ந்த நமக்கும் மிகக் கடினமான வேலையிலோ களைப்பிலோ மறுகை சற்று இறுகுவதுண்டு. அது நோயல்ல.

சிலருக்கு அது மறைவதே இல்லை. பிறவியிலேயே வரும் கண்ணாடி அசைவு என்ற அரிய நிலை அது. வலது கை விரலை மடக்கினால் இடது கை விரலும் தானாக மடங்கும். எத்தனை முயன்றாலும் நிறுத்த முடியாது. அறிவுத்திறனுக்கும் இதற்கும் தொடர்பில்லை. 2010இல் டிசிசி என்ற மரபணுவிலும், 2012இல் ஆர்ஏடி51 என்ற மரபணுவிலும் ஏற்படும் மாற்றங்கள் இதற்குக் காரணமாக இருப்பது கண்டறியப்பட்டது. கருவில் வளரும் நரம்பிழைகள் உடலின் நடுக்கோட்டைக் கடக்க வழிகாட்டுவதில் முதல் மரபணுவுக்கு நேரடிப் பங்கு உண்டு. அந்த வழிகாட்டல் பிழைத்தால் ஒரே பாதியின் ஆணை இரண்டு கைகளுக்கும் போய்விடுகிறது. ஒரு கையால் போத்தலைப் பிடித்துக்கொண்டு மறுகையால் மூடியைத் திருகும் வேலையை இந்த நிலையில் கற்பனை செய்து பாருங்கள். நாம் நினைத்துக்கூடப் பார்க்காத அந்தச் சுதந்திரம் எவ்வளவு பெரியது என்பது விளங்கும்.

இப்போது அந்த அறுவை சிகிச்சைக்கு வருகிறேன். மருந்துக்கு அடங்காத கடும் வலிப்பு நோயில், வலிப்பு ஒரு பாதியிலிருந்து மறுபாதிக்குப் பரவாமலிருக்கக் கார்பஸ் கலோசத்தை வெட்டுவதுண்டு. 1939இல் அமெரிக்காவின் ராச்செஸ்டரில் வான் வேகனன் என்ற அறுவை மருத்துவர் இதைத் தொடங்கினார். 1962 முதல் லாஸ் ஏஞ்சலஸில் போகனும் வோகலும் செய்தார்கள். அவர்களுடைய நோயாளிகளை ரோஜர் ஸ்பெர்ரியும் அவருடைய மாணவர் மைக்கேல் கசானிகாவும் ஆராய்ந்தார்கள். ஸ்பெர்ரிக்கு 1981இல் நோபல் பரிசு கிடைத்தது. மொழி எந்தப் பாதியில், முகம் அறிவது எந்தப் பாதியில் என்ற முடிவுகள் உலகப் புகழ் பெற்றன. கைகளைப் பற்றி அவர்கள் கண்டது அந்த அளவுக்குப் பேசப்படவில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

முதல் ஆச்சரியம், பெரிதாக ஒன்றும் கெடவில்லை என்பது. முன்பே பழகிய வேலைகள், ஷூ கயிற்றைக் கட்டுவது போன்றவை, சிகிச்சைக்குப் பின்னும் ஓடின. புதிதாக ஒன்றைக் கற்பிக்கும்போதுதான் சிக்கல் தெரிந்தது. 1972இல் பிரெய்லோவ்ஸ்கி ஒரு சோதனை செய்தார். ஒரு கைப்பிடியைச் சுழற்றினால் கோடு பக்கவாட்டில் நகரும். இன்னொன்றைச் சுழற்றினால் மேலும் கீழும் நகரும். சாய்ந்த கோடு வரைய வேண்டுமென்றால் இரு கைகளும் சரியான விகிதத்தில் சுழற்ற வேண்டும். பாலத்தின் முன்பகுதி வெட்டப்பட்டவர்கள் கோட்டைக் கண்ணால் பார்த்துப் பார்த்து மெதுவாகத் திருத்திக்கொண்டே போனார்கள். கோட்டை மறைத்துவிட்டால் தடுமாறினார்கள். ஒரு கை இப்போது என்ன செய்யப் போகிறது என்ற செய்தி மறுபாதிக்கு முன்கூட்டியே வரவில்லை. கண் பார்த்துச் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

இரண்டாவது ஆச்சரியம் இன்னும் பெரியது. வலது கையால் ஒரு வடிவத்தையும் இடது கையால் வேறொரு வடிவத்தையும் ஒரே சமயத்தில் வரைய முயன்று பாருங்கள். இரண்டும் ஒன்றோடொன்று கலந்து கோணலாகிவிடும். 1996இல் எலிசபெத் ஃபிரான்ஸ், ரிச்சர்ட் ஐவ்ரி, கசானிகா உள்ளிட்டோர் பாலம் வெட்டப்பட்டவர்களிடம் இதைக் கேட்டார்கள். அவர்கள் இரண்டு வெவ்வேறு வடிவங்களையும் சிரமமின்றி வரைந்தார்கள். நம்மால் முடியாததை அவர்கள் செய்தார்கள். அதாவது நம் கைகளின் பாதைகள் ஒன்றையொன்று இழுப்பதற்குக் காரணமே அந்தப் பாலம்தான். ஆனால், இங்கேதான் நான் முதலில் சொன்ன முடிச்சு அவிழ்கிறது, அந்த இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் தொடங்கி ஒரே நேரத்தில் முடித்தன. பாதை பிரிந்தது; காலம் பிரியவில்லை.

காலம் ஏன் பிரியவில்லை என்பதற்கு 2002இல் கென்னர்லியும் உடனிருந்தோரும் செய்த ஆய்வு வெளிச்சம் தருகிறது. பாலம் இல்லாதவர்கள் இரு விரல்களாலும் தட்டும்போது, ஒவ்வொரு தட்டும் தனித்தனி நிகழ்வாக இருப்பதால், இரண்டும் ஒன்றாகவே விழுந்தன. இரு கைகளாலும் நிற்காமல் வட்டம் போடச் சொன்னபோது ஒன்று முந்தியது, மற்றது பிந்தியது. தொடக்கமும் முடிவும் உள்ள செயலைத் தூண்டும் மணி பாலத்துக்குக் கீழே, இரு பாதிகளுக்கும் பொதுவான ஏதோ ஓர் ஆழத்தில் அடிக்கிறது. இடைவிடாத ஓட்டத்தை ஒத்திசைய வைக்கவோ பாலம் வேண்டியிருக்கிறது.

ஆக பாலம் ஒருபுறம் கைகளைக் கட்டுகிறது, மறுபுறம் பிரித்து வைக்கிறது. இது முரண்போலத் தோன்றும். குரங்குகளில் பிரிங்க்மன் 1980களில் செய்த ஒரு சோதனையைக் கேட்டால் அந்த முரண் தீர்ந்துவிடும். ஒரு கண்ணாடி போன்ற தகட்டில் துளைகள். ஒவ்வொரு துளையிலும் ஒரு உணவுத் துண்டு செருகியிருக்கும். நலமாயுள்ள குரங்கு ஒரு கையின் விரலால் மேலிருந்து தள்ளும். மறுகையைக் கீழே குவித்து ஏந்தும். அழகான வேலைப் பங்கீடு. ஒரு பக்கத்துத் துணை இயக்கப் பகுதியை அகற்றியபின் அந்தக் குரங்கின் இரண்டு கைகளும் ஒரே வேலையைச் செய்யத் தொடங்கின: ஒன்று மேலிருந்தும் மற்றது கீழிருந்தும், இரண்டும் துளைக்குள் விரலை நுழைத்துத் தள்ளின. பிறகு கார்பஸ் கலோசத்தை வெட்டியதும் இந்தக் குறை நீங்கிவிட்டது. எஞ்சியிருந்த ஒரு பக்கத் துணை இயக்கப் பகுதி, பாலத்தின் வழியே இரண்டு பாதிகளுக்கும் தன் ஒரே திட்டத்தை அனுப்பிக்கொண்டிருந்தது என்பதே இதற்குப் பொருத்தமான விளக்கம். எதிர்த் தரப்பில் பேச ஆளில்லாதபோது பாலம் ஒருவழிப் பாதையாகிவிடுகிறது. இரு பக்கமும் ஆள் இருக்கும்போதுதான் 'நீ தள்ளு, நான் ஏந்துகிறேன்' என்ற உடன்பாடு உண்டாகிறது.

உடன்பாடு அடியோடு குலைந்தால் என்ன ஆகும் என்பதற்கும் பதிவுகள் உண்டு. 1908இல் கர்ட் கோல்ட்ஸ்டைன் விவரித்த பெண்மணியின் இடது கை, அவர் விரும்பாமலே அவருடைய கழுத்தைப் பிடித்தது. பாலத்தின் முன்பகுதியும் நெற்றிமடலின் நடுச்சுவரும் பாதிக்கப்பட்ட சிலரில் ஒரு கை பொத்தானைப் போட, மறுகை பின்னாலேயே வந்து கழற்றும். உங்கள் கேள்வியிலிருந்த அதே பொத்தான். கைகளில் தசையோ உணர்ச்சியோ குறையில்லை. தனித்தனியே இரண்டும் நேர்த்தியாகவே வேலை செய்கின்றன. நோக்கம் மட்டும் இரண்டாகிவிட்டது.

சரி, இரு பாதிகளும் சமமான பங்காளிகளா என்றால், அப்படியும் இல்லை. ஹியூகோ லீப்மன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதைக் காட்டினார். வலக்கைக்காரரின் இடது பாதி பாதிக்கப்பட்டால், செயலிழந்த வலது கை மட்டுமின்றி, நல்ல நிலையிலிருக்கும் இடது கையும் கருவிகளைக் கையாளுவது போல அபிநயிக்கத் தடுமாறும். 1907இல் அவரும் மாஸும் விவரித்த நோயாளிக்குப் பாலம் சேதமாகியிருந்தது. அவருடைய இடது கையால் வாய்மொழிக் கட்டளைப்படி செயல்பட முடியவில்லை. பழகிய கைவேலையின் வரைபடங்களைப் பெரும்பாலும் இடது பாதி வைத்திருக்கிறது, இடது கைக்கு வேண்டியதையும் பாலத்தின் வழியே அதுவே தருகிறது என்பது அவர் கண்ட முடிவு. பின்னர் வந்த ஆய்வுகள் இதைத் திருத்தியும் விரித்தும் உள்ளன, ஆனால் சாரம் நிலைத்திருக்கிறது. இடக்கைக்காரர்களில் இது அப்படியே தலைகீழாவதில்லை. அவர்களிலும் ஏறத்தாழ 70 சதவீதத்தினருக்கு மொழி இடது பாதியிலேயே இருக்கிறது. கைத்திறனின் பங்கீடு ஆளுக்கு ஆள் மாறுகிறது.

அதற்காக மறுகையை வெறும் எடுபிடியாகக் கருத வேண்டாம். 1987இல் இவ் கியார் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் முன்வைத்த கருத்து எனக்கு மிகப் பிடித்தமானது. இரு கைகளும் சேர்ந்து செய்யும் வேலையில் பெரும்பாலும் பழகாத கைதான் முதலில் அசைகிறது. அது இடத்தை அமைக்கிறது. பழகிய கை அந்த இடத்துக்குள் நுணுக்கமாக வேலை செய்கிறது. எழுதும்போது உங்கள் இடது கையைப் பாருங்கள். அது தாளைச் சாய்க்கிறது, சில சொற்களுக்கு ஒருமுறை மெல்ல மேலே தள்ளுகிறது. பேனா மேசைமேல் ஒரு சிறு வட்டாரத்தைவிட்டு அதிகம் நகர்வதே இல்லை. தாள்தான் அதனடியில் வந்து வந்து போகிறது. பொத்தான் போடும்போதும் ஒரு கை துணியை இழுத்துத் துளையை விரித்துக் காட்டிய பிறகே மறுகை பொத்தானைச் செலுத்துகிறது. வலக்கைக்காரர்களில் வலது கை பாதையைத் துல்லியமாக்குவதிலும், இடது கை ஓரிடத்தில் நிலையாக நிற்பதிலும் தேர்ந்தவை என்று ராபர்ட் செயின்பர்க்கின் ஆய்வுகள் காட்டுகின்றன.

இன்னொரு சோதனை, இதற்கு ஒரு துணைவர் வேண்டும். முழங்கையை மடக்கி, உள்ளங்கையை மேல்நோக்கி நீட்டி, அதன்மேல் கனமான புத்தகம் ஒன்றை வையுங்கள். கண்ணை மூடிக்கொள்ளுங்கள். துணைவர் அதைச் சட்டென்று எடுக்கட்டும். உங்கள் கை ஒரு துள்ளு மேலே போகும். இப்போது மறுபடி வைத்து, உங்கள் மறுகையாலேயே எடுங்கள். ஏந்திய கை ஏறக்குறைய அசையாது. எடுக்கும் கையின் தசை இயங்கத் தொடங்கும்போதே ஏந்திய கையின் இருதலைத் தசை தளர்ந்துவிடுகிறது. பாரம் போய்விட்டது என்ற உணர்வு வந்த பிறகு தளர்ந்திருந்தால் காலம் கடந்திருக்கும். யூகோன், மாசியோன், வீசன்டாங்கர் ஆகியோர் 1982இல் இதைத் தசையின் மின்பதிவுகளோடு விவரித்தார்கள். ஒரு கையின் அடுத்த செயல் மறுகைக்கு முன்னறிவிப்பாகப் போய்ச் சேர்கிறது என்பதற்கு இதைவிடக் கண்கூடான சான்று எனக்குத் தெரியாது. இத்தகைய முன்கணிப்பில் சிறுமூளைக்குப் பெரும் பங்கு உண்டு. அதன் வழிகள் இருமுறை நடுக்கோட்டைக் கடப்பதால் சிறுமூளையின் இடது பக்கம் இடது கையோடேயே தொடர்பு கொள்கிறது.

நோக்கம் மாறினால் கைகளுக்கு இடையிலான உறவும் நொடியில் மாறுகிறது. 2007இல் யோர்ன் டீட்ரிக்சன் இரு கைகளாலும் திரையில் புள்ளிகளை நகர்த்தச் சொன்னார். ஒவ்வொரு கைக்கும் ஒரு புள்ளி என்றிருந்தபோது, ஒரு கையை எந்திரம் தள்ளிவிட்டால் அந்தக் கை மட்டுமே திருத்திக்கொண்டது. இரு கைகளும் சேர்ந்து ஒரே புள்ளியை நகர்த்தியபோது, ஒன்றைத் தள்ளினால் இரண்டும் திருத்தின. யோசித்து முடிவெடுக்க நேரமில்லாத வேகத்தில் அது நடந்தது. 2019இல் ஏம்ஸ், சர்ச்லாண்ட் ஆகியோர் குரங்குகளின் இயக்கப் புறணியில் பதிவு செய்தபோது, ஒவ்வொரு பாதியிலும் இரு கைகளைப் பற்றிய செய்திகளும் ஒரே நியூரான்களிடையே கலந்திருப்பதைக் கண்டார்கள். ஆனால் நியூரான் கூட்டத்தை ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் அந்த இரு செய்திகளும் ஒன்றோடொன்று மோதாத வெவ்வேறு பரிமாணங்களில் பிரிந்திருந்தன. இடது பாதிக்கு வலது கை, வலது பாதிக்கு இடது கை என்ற பள்ளிப்பாடம் தசைக்குப் போகும் வழியைப் பற்றிய வரை சரி. எந்தப் பாதிக்கு எது தெரியும் என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை.

பக்கவாதம் வந்தவர்களைப் பராமரிப்போர் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. நலமான பாதி, பாதிக்கப்பட்ட பாதியை அளவுக்கு மீறி அடக்குவதால்தான் கை மீளவில்லை என்ற விளக்கம் நெடுநாளாகச் சொல்லப்படுகிறது. பக்கவாதத்துக்குப் பின் மாதக்கணக்கில் தொடர்ந்து அளந்து 2019இல் வெளியான ஆய்வொன்றில், தொடக்க வாரங்களில் அந்த அதிகப்படியான அடக்கம் தென்படவில்லை. எனவே நல்ல கையைப் பயன்படுத்தினால் மற்றக் கை கெட்டுவிடும் என்று அஞ்சித் தாமாகவே அதைக் கட்டிப்போட வேண்டாம். எந்தக் கைக்கு எப்போது எவ்வளவு பயிற்சி என்பதைச் சிகிச்சையாளர் நேரில் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

துணைக்கேள்விக்கு வருகிறேன். இடது கையால் எழுதிப் பழகினால் இடது கையால் எழுத வரும். அதற்கு மேல் இரு பாதிகளும் நன்றாக இணைந்து அறிவு கூடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. இந்தப் பேச்சின் பின்னால் இருப்பது மனிதர்களில் இடதுமூளைக்காரர், வலதுமூளைக்காரர் என இரு வகையினர் உண்டு என்ற நம்பிக்கை. 2013இல் யூட்டா பல்கலைக்கழகத்தில் 7 முதல் 29 வயது வரையுள்ள 1,011 பேரின் மூளைப் படங்களை ஆராய்ந்தார்கள். மொழி போன்ற சில பணிகள் ஒரு பக்கம் சாய்ந்திருந்தன. ஆனால் ஒரு பாதி முழுவதுமே வலுத்திருக்கும் ஆட்கள் என்று யாரையும் பிரிக்க முடியவில்லை.

இசைக்கலைஞர்களைக் காட்டிச் சிலர் வாதிடுவார்கள். 1995இல் ஷ்லாக்கும் குழுவினரும், ஏழு வயதுக்கு முன்பே பயிற்சியைத் தொடங்கிய இசைக்கலைஞர்களின் கார்பஸ் கலோசத்தின் முன்பாதி பெரிதாக இருப்பதைக் கண்டது உண்மை. ஆனால் அவர்கள் செய்தது இடது கையால் சில பக்கம் எழுதியது அல்ல. இரண்டு கைகளும் வெவ்வேறு வேலை செய்து ஒரே இசையாக முடிய வேண்டிய கடும் பயிற்சி, அதுவும் பாலம் வளர்ந்துகொண்டிருக்கும் வயதில், ஆண்டுக்கணக்காக. இரு கைகளின் ஒத்துழைப்பு மேம்பட வேண்டுமென்றால், இரண்டுக்கும் வெவ்வேறு பங்கு கொடுக்கும் வேலையைத்தான் பழக வேண்டும்: ஒரு வாத்தியம், பின்னல், தையல், மரவேலை, எதுவாயினும்.

ஒரு கையை மட்டும் பயிற்றுவதால் மறுகைக்கு நேரடிப் பலன் கிடைக்கும் இடம் ஒன்று உண்டு, அது 1894 முதலே தெரிந்த செய்தி. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்கிரிப்சரும் உடன் ஆய்வு செய்தோரும் ஒரு கையின் பிடிவலிமையைப் பயிற்சியால் கூட்டியபோது, சும்மா இருந்த மறுகையின் வலிமையும் ஓரளவு கூடியது. மறுகையின் தசை பருக்கவில்லை. மாற்றம் நரம்பு மண்டலத்தில் நிகழ்கிறது. எலும்பு முறிந்து ஒரு கையில் மாவுக்கட்டு போட்டிருக்கும் வாரங்களில், மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு நல்ல கைக்கு வலுப்பயிற்சி கொடுத்தால், கட்டுக்குள் இருக்கும் கை இழக்கும் வலிமை குறைகிறது.